செவிலியின் குழந்தை

நோயுற்றவரைப் பேணுதல் அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. பெற்ற குழந்தையை வளர்த்தல் கடன் என்பதையும் எவரும் மறுப்பதில்லை. இவ்விரண்டும் தனித்தனியே நிற்கும் வரையில் நீதி நூல்களுக்கு எவ்விதச் சங்கடமுமில்லை. இரண்டும் ஒரே பெண்ணிடம் ஒரே வேளையில் வந்து நிற்கும்போதே சங்கடம் பிறக்கின்றது. காலை ஏழு மணிக்கு முதியோர் இல்லமொன்றில் மருந்துக்காகவும் கழுவித் துடைத்து விடுவதற்காகவும் பலர் அவளை எதிர்பார்த்துப் படுத்திருக்கின்றனர். அதே ஏழு மணிக்கு அவளது மூன்று வயதுக் குழந்தை காய்ச்சலுடன் விழித்து அழுகின்றது. அவள் எங்கே இருத்தல் வேண்டும்?

இக்கேள்வி நமது கற்பனையிற் பிறந்ததன்று. ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் நாம் கற்பித்த வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தி, திருமணமாகிக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குச் சென்று ஸ்காபரோவில் வாழ்கின்றாள். நான்கு வயதிலும் இரண்டு வயதிலுமாக இரு குழந்தைகள். கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அவள் அங்கே தாதித் தொழிலுக்குரிய படிப்பொன்றை முடித்து வேலை தொடங்கும் நிலையில் இருக்கின்றாள். தொலைபேசியில் உரையாடியபோது அவள் கேட்டது இது: “ரீச்சர், நான் ஆற்றையோ அம்மாவைக் குளிப்பாட்டி விடப் போறன். என்ரை பிள்ளை ஆற்றையோ வீட்டிலை நிக்குது. இது சரியோ?”

ஆறுதல் வார்த்தை கூறி இத்தகைய கேள்விகளை முடித்துவிடுதல் எளிது. ஆயினும் அவள் ஆறுதல் கேட்கவில்லை. சரியா என்றே கேட்டாள். ஆதலின் இதனை ஒழுக்கவியற் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம்.

முதலில் தொழிலைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ‘பிறக்ரிகல் நேர்ஸ்’ என்னும் பெயர் இலங்கையில் வழங்குவதில்லை. அது வட அமெரிக்காவுக்கு உரியது. ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் அனுமதிப்பத்திரம் பெற்ற பிறக்ரிகல் நேர்ஸ் என்பர். ஒன்ராறியோவிற் பதிவு பெற்ற பிறக்ரிகல் நேர்ஸ் என்பர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற தாதிக்கு அடுத்த படியில் இவர்கள் வைக்கப்பட்டுள்ளனர். ஒன்ராறியோவில் 2005 முதல் முன்னவருக்குப் பட்டமும் பின்னவருக்குக் கல்லூரி டிப்ளோமாவும் நுழைவுத் தகுதியாயின. இரண்டு ஆண்டு, நான்கு பருவம். பின்னர் கணினி மூலம் நடைபெறும் தகுதிப் பரீட்சை. நோயின் போக்கு ஓரளவு நிதானப்பட்டு, அடுத்து என்ன நேரும் என்று முன்னரே சொல்லத்தக்க நிலையிலுள்ள நோயாளரே இவர்கள் பொறுப்பில் விடப்படுவர். மருந்து கொடுப்பதும், ஊசி போடுவதும், புண்ணைத் துப்புரவு செய்து கட்டுவதும், நோயாளியின் நிலையில் மாறுதல் தென்பட்டால் உடனே அறிவிப்பதும் இவர்கள் பணி. இவர்களுட் பெருந்தொகையினர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கின்றனர்.

தாதித் தொழில் தாய்மாரை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டதன்று. 1860ஆம் ஆண்டு புளோரன்ஸ் நைற்றிங்கேல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் கல்லூரியைத் தொடங்கினார். அங்கிருந்து பரவிய முறையில், பயிலும் பெண் மணமாகாதவளாய் ஆஸ்பத்திரி விடுதியிலேயே வாழ்தல் பொது வழக்காயிற்று. கன்னியாஸ்திரீயின் துறவும் போர்வீரனின் கட்டுப்பாடும் கலந்து செய்த வடிவம் அது. மணம் முடித்தவள் வெளியேற வேண்டும். குழந்தை என்ற பேச்சே அங்கில்லை. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல ஆஸ்பத்திரிப் பாடசாலைகளில் இதுவே விதியாயிருந்தது.

பிறக்ரிகல் நேர்ஸ் வந்த வழி வேறு. 1890களில் நியூ யோர்க்கின் கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கம், வீடுகளுக்குச் சென்று நோயாளரையும் குழந்தைகளையும் முதியோரையும் பார்க்கும் பெண்களுக்குச் சில மாதப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் தாதியர் போர்முனைக்குச் சென்றபோது ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அவ்விடத்தை நிரப்ப இத்தகைய குறுகிய காலப் பயிற்சி பெற்றோர் பெருமளவிற் சேர்க்கப்பட்டனர். நடுவயதுப் பெண்களும் மணமானவர்களும் இதில் வரவேற்கப்பட்டனர். வீட்டில் நோயாளியைப் பார்த்தவள், பிள்ளை வளர்த்தவள் என்பது இங்கே தகுதி. அத்தகுதி அவளுக்கு இயல்பாகவே வாய்த்தது என்று கருதப்பட்டமையால் அதற்குப் பெரிதாக விலை கொடுக்க வேண்டும் என்றும் எவருக்கும் தோன்றவில்லை. மேல்படித் தாதி தாயாக இருத்தலாகாது; கீழ்ப்படித் தாதிக்குத் தாயாக இருந்த அனுபவம் வேண்டும், அதற்குக் கூலி மட்டும் வேண்டாம். இவ்விரண்டு நியாயங்களும் ஒரே ஆஸ்பத்திரிக் கூரையின் கீழ் ஒன்றாகவே வாழ்ந்தன.

இனி நம் மாணவியின் நாளை நோக்குவோம். படிப்பின் பெரும்பகுதி ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் செய்யும் செய்முறைப் பயிற்சி. அதற்குச் சம்பளமில்லை. பயிற்சி நாட்களைத் தவறவிட்டாற் பாடத்தையே மீண்டும் எடுக்க நேரலாம். கிழமை முழுவதும் பயிற்சியும் வகுப்பும், குழந்தைகள் உறங்கிய பின்னர் உடற்கூறும் மருந்தியலும். வேலை கிடைத்த பின்பும் புதியவருக்கு நிரந்தர முழுநேர இடம் உடனே கிடைப்பது அரிது. அழைக்கும்போது வருவோர் பட்டியலில் முதலிற் பெயர் இடம்பெறும். விடியற்காலை தொலைபேசி ஒலித்தால் உடனே புறப்பட வேண்டும். ‘இன்று முடியாது’ என்று சிலமுறை சொன்னவளுக்கு அழைப்புக் குறையும். பன்னிரண்டு மணி நேர முறையாயின் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. பனிக்காலத்தில் இரண்டு பஸ் மாறிச் செல்லும் நேரத்தையும் கூட்டிக் கொள்க.

குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் அங்கே உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ஒன்ராறியோ மத்திய அரசுடன் ஒப்பந்தம் செய்த பின்னர், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான கட்டணம் படிப்படியாகக் குறைந்தது. திட்டத்தில் இணைந்த நிலையங்களில் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் அறவிடலாகாது என்ற வரையறையும் வந்தது. முன்னர் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிய செலவு இது; ஆகவே இம்மாற்றத்தை அற்பமென ஒதுக்க மாட்டோம். ஆனால் இந்நிலையங்களிற் பெரும்பாலானவை அலுவலக வேலைக்காரரின் நாளை வைத்தே கதவு திறந்து கதவு மூடுகின்றன. ஏழு மணிக்கு நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டியவள் ஏழு மணிக்குத் திறக்கும் நிலையத்தில் எவ்வாறு பிள்ளையை விடுவாள்? சனி, ஞாயிறுகளில் நோய் ஓய்வெடுப்பதில்லை, நிலையம் ஓய்வெடுக்கின்றது. ஆதலால் அவளது இளைய குழந்தை, அதே மாடிக் குடியிருப்பில் வாழும் இன்னொரு பெண்ணின் வீட்டில், வேறு நான்கு பிள்ளைகளோடு, தொலைக்காட்சியின் முன் இருக்கின்றது. ‘ஆற்றையோ வீடு’ என்று அவள் குறிப்பிட்டது இதனையே.

தமிழ் கற்றவர்களுக்குச் சொல்லாராய்ச்சியில் ஒரு சபலம் உண்டு, வாசகர் பொறுத்துக்கொள்வாராக. நாம் ‘தாதி’ என்கின்றோம். பாலூட்டி வளர்க்கும் பெண்ணைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது அது; தமிழில் வேலைக்காரி என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டார் ‘செவிலி’ என்கின்றனர்; அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயின் பெயர் அது. ஆங்கிலத்தின் ‘நேர்ஸ்’ என்னும் சொல்லும் பாலூட்டுதல் என்னும் இலத்தீன் வேரிலிருந்தே பிறந்தது. மூன்று சொற்களும் ஒரே பெண்ணைச் சுட்டுகின்றன: பிறர் குழந்தைக்குத் தன் பாலைக் கொடுத்தவள். பால் சுரந்திருந்தது என்றால் அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும் அல்லவா?

தோழி என்பவள் செவிலியின் மகள் என்பது தொல்காப்பியர் தரும் இலக்கணம். இதனை நாம் பரீட்சைக்கு மனனஞ் செய்தோம். பின்னர் பிள்ளைகளுக்கும் மனனஞ் செய்வித்து வருகின்றோம். தலைவி வீட்டைவிட்டு உடன்போனபோது அவள் போன சுரத்தின் வெம்மையை எண்ணிச் செவிலி புலம்பும் பாடல்கள் பல; தேடி அலையும் பாடல்களும் உண்டு. அச்செவிலி தான் பெற்ற மகளைக் குறித்து ஏங்கும் பாடல் ஒன்றேனும் நாம் படித்தவற்றில் இல்லை. அம்மகள் தலைவியின் துணையாளாக வளர்ந்தாள், தலைவியின் காதலுக்குத் தூது சென்றாள், தலைவியின் துயரத்துக்கு நாவானாள். அவள் பசித்தபோது யார் ஊட்டினார் என்று எவரும் கேட்கவில்லை. நிலவுடைமைச் சமுதாயத்தில் எழுந்த இலக்கியம் எவருடைய தாய்மையைப் பாட வேண்டும் என்பதில் மயக்கமின்றி இருந்தது.

திருக்குறளின் மருந்து அதிகாரமும் இங்கே நினைவுக்கு வருகின்றது. மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கும் வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிருந்து மருந்தூட்டுபவனையும் ஒரு கூறாக எண்ணினார். மருத்துவத்தின் காற்பங்கு அவனுடையது. சொல் ஆண்பாலில் நிற்பதையும் கவனித்தல் வேண்டும். நோயாளியைப் பேணுதல் பெண்ணின் பிறவிக் குணம் என்பது தமிழ் மரபின் தொன்மையான கொள்கை என வாதிடுவோர் அக்குறளைச் சற்று நிதானித்துப் படிப்பார்களாக.

யாழ்ப்பாணத்துச் சமூகம் இத்தொழிலை எவ்வாறு நோக்கியது என்பதையும் மறைப்பதிற் பயனில்லை. பிற உடலைத் தொடுதல், மலசலம் எடுத்தல் என்பன சாதித் தீட்டோடு பிணைக்கப்பட்டிருந்த மண் இது. மிஷன் ஆஸ்பத்திரிகளிற் பெண்கள் தாதியராகத் தொடங்கிய காலத்தில் ‘நல்ல குடும்பம்’ எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் தம் பெண்களை அனுப்ப மறுத்தனர். இன்று அதே குடும்பங்களின் பேத்திமார் ஒன்ராறியோவின் முதியோர் இல்லங்களில் அந்நியர் உடலைக் கழுவி விடுகின்றனர். கலியாணத் தரகர் அதனைச் சிறப்புத் தகுதியாகவே எடுத்துரைக்கின்றார். டொலருக்குத் தீட்டில்லை போலும். எனினும் அந்தப் பேத்திமாரை இகழ்வது எம் நோக்கமன்று. பாட்டன்மார் அருவருத்த வேலையை அவர்கள் கைகூசாமற் செய்கின்றனர். அதிற் பெரிய விடுதலை ஒன்றுண்டு.

கேள்விக்கு வருவோம். உலகம் இதற்குத் தரும் விடைகள் வழக்கமாக மூன்று.

தாயின் இடம் குழந்தையருகே என்பது முதல் விடை. இதைச் சொல்வோர் எல்லாத் தாய்மாருக்கும் இதைச் சொல்லியிருப்பின் அவர்களை மதிப்போம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாய்மார் கொழுந்து பறிக்கின்றனர். கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவின் பொறுப்பில் விடப்படுகின்றன. அங்கே கொழுந்தின் நிறைதான் கேட்கப்பட்டது. தாயின் இடம் எது என்று எந்தத் துரை கேட்டார்? வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குச் செல்லும் பெண்களைப் பற்றி இலங்கை அரசு 2013இல் வெளியிட்ட சுற்றறிக்கையையும் எண்ணுக. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போகலாகாது என்றும், போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை தரல் வேண்டும் என்றும் அது விதித்தது. வெளிநாடு செல்லும் தந்தையிடம் அவ்வறிக்கை கேட்கப்படவில்லை. 2022இல் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தத்தளித்தபோது அதே அரசு அந்த ஐந்து வயதை இரண்டு வயதாகக் குறைத்தது. ஒன்பது ஆண்டுகளில் இலங்கைக் குழந்தைகளின் இயல்பு மாறிவிடவில்லை. மாறியது திறைசேரியின் இருப்பு. தேவைப்படும்போது தளரும் இவ்விதியை அறம் என்று ஏற்க நம்மால் இயலாது.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது: நோயாளிக்குச் செய்யும் சேவை தெய்வத் தொண்டு, அதற்காகத் தாயும் குழந்தையும் சிறிது தியாகம் செய்தல் புண்ணியம். 2020ஆம் ஆண்டின் கோடைக்கு முன் இவ்விடையை ஒன்ராறியோ மக்கள் மாலைதோறும் வாசலிலும் பல்கணியிலும் நின்று பாத்திரங்களைத் தட்டி ஒலித்தனர். கொரோனா முதியோர் இல்லங்களுட் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று; ஏப்பிரலில் இராணுவத்தையே உதவிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஓர் உண்மை பலருக்குத் தெரிந்தது. முழுநேர வேலை கிடையாமையால் பராமரிப்பாளர் பலர் இரண்டு, மூன்று இல்லங்களிற் பகுதிநேரமாக வேலை செய்து வந்தனர். நோயும் அவர்களோடு பயணம் செய்தது. ஒருவர் ஒரே இல்லத்தில் மட்டும் பணியாற்றலாம் என்று அரசு கட்டளையிட்டது. மணிக்கு 4 டொலர் வீதம் சில மாதங்களுக்கு மேலதிகப் படி கொடுக்கப்பட்டது. ஆகஸ்டில் அது நின்றது. இதற்கு முந்திய ஆண்டில், அதாவது 2019இல், ஆஸ்பத்திரித் தாதியர் உள்ளிட்ட பொதுத்துறையினரின் சம்பள உயர்வை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 1 வீதத்துக்கு மேற்படாது மட்டுப்படுத்திய 124ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருந்தது. தட்டிய பாத்திரங்களின் ஒலியில் அச்சட்டம் அசையவில்லை. தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. 2022 நவம்பரில் மேல் நீதிமன்றம் அதனைச் செல்லாதெனத் தீர்த்தது. 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டிலும் அரசு தோற்றது. தெய்வத் தொண்டுக்குரிய கூலியைப் பெற மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது. சேவை என்னும் சொல் கூலிக்குப் பதிலாக வழங்கப்படும்போது அதிற் கவனமாயிருத்தல் வேண்டும் என்பது ஆசிரியர்களாகிய நமக்கும் பழக்கமான பாடமே.

மூன்றாவது விடை நாகரிகமானது. ‘அது அவளுடைய சுதந்திரம், விரும்பினாற் போகட்டும், விரும்பாவிடில் வீட்டில் இருக்கட்டும்’ என்பது. மரியாதையாக ஒலிக்கும் இவ்விடை, உண்மையில் கைகழுவும் விடை. ஒரு சம்பளத்தில் வாடகை கொடுத்து ஸ்காபரோவில் நால்வர் வாழ்வது எப்படி என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு அவளுடைய சுதந்திரம் எவ்வளவு என்பது விளங்கும். தெரிவு அவளுடையது என்று சொல்லிவிட்டால் அதனால் வரும் குற்றவுணர்வும் அவளுடையதாகிவிடுகின்றது. நிலையத்தின் கதவு திறக்கும் நேரத்தை அவள் நிர்ணயிக்கவில்லை. வேலைமுறை அட்டவணையை அவள் எழுதவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள அரை மணி நேரத்துக்கு மட்டும் அவளே பொறுப்பு.

இவ்வளவும் கூறிய பின்னரும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. முற்போக்குச் சிந்தனையாளர் பலர் இந்த இடத்திலேயே கட்டுரையை முடித்து விடுவர். சமுதாய அமைப்பைக் குறை கூறிவிட்டால் கேள்வி தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். தீரவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சமுதாய அமைப்பு என்பது தெரியாது. கதவு மூடப்பட்டது என்பது தெரியும். அது அழுது ஓய்ந்து உறங்கிய பிற்பகலை எந்தச் சட்டத் திருத்தமும் திருப்பித் தரப்போவதில்லை. இருபது ஆண்டின் பின் வரும் நல்வாழ்வுக்காக இன்றைய அழுகையைப் பொறுத்துக்கொள் என்று வளர்ந்தவனிடம் கூறலாம். அவன் ஒப்பவோ மறுக்கவோ கூடும். குழந்தையின் ஒப்புதலை எவரும் பெற முடியாது. அதன் நன்மையை அதன் பெயரால் மற்றொருவர் தீர்மானிக்கின்றார். ஆகவே நம் மாணவியின் மனவுறுத்தலைப் பழைய மரபின் எச்சம் என்று நாம் தள்ளிவிடவில்லை. அதனுள் உண்மையான ஒரு கடன் இருக்கின்றது.

அக்கடன் எத்தகையது என்று ஆராய்தல் வேண்டும். குழந்தைக்கு வேண்டுவது யாது? பசிக்கும்போது உணவு, பயத்தில் ஒரு மடி, தன் பெயரையும் தன் அழுகையின் வேறுபாடுகளையும் அறிந்த ஒருவர், அந்த ஒருவர் நாளையும் வருவார் என்ற நம்பிக்கை. அந்த ஒருவர் பெற்றவளாக மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது இவற்றில் எதிலிருந்தும் பெறப்படவில்லை. நம் கிராமங்களில் அம்மம்மாவும் பெரியம்மாவும் அயல்வீட்டு ஆச்சியும் வளர்த்த பிள்ளைகள் கெட்டுப் போனதில்லை. அந்த ஆச்சிக்கு ஐந்து பிள்ளைகளை ஒரே அறையில் அடைத்து வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். குழந்தைக்குரிய தீங்கு தாய் வேலைக்குப் போவதில் இல்லை. நாளுக்கொரு கைக்கு மாறுவதில், எந்தக் கையும் நிலையாகப் பற்றாதிருப்பதில் இருக்கின்றது. அப்படியாயின், குழந்தைக்குப் பட்டுள்ள கடன் உண்மையே. கடன்காரி ஒருத்தி மட்டுமே என்பது பொய்.

முதலில் அடையாளங் காண வேண்டிய மற்றொரு கடன்காரர் வீட்டிலேயே இருக்கின்றார். ‘அவர் நல்லவர், பிள்ளையளைப் பாத்து எனக்கு உதவி செய்யிறவர்’ என்று நம் மாணவி கணவரைப் புகழ்ந்தாள். உதவி என்னும் அச்சொல்லில் நம் மனம் தடக்கி நின்றது. அயலான் செய்தால் உதவி. பெற்ற தகப்பன் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை உதவி எனல் வேண்டுமாயின், அக்குழந்தை எவருடைய பொறுப்பு என்பது ஏற்கெனவே தீர்ப்பாகி விட்டது. இரவு முழுவதும் இயந்திரத்தின் முன் நின்று திரும்பும் அம்மனிதரின் களைப்பை நாம் அறியாமலில்லை. களைப்பு இருவருக்கும் பொது. கேள்வி ஒருத்திக்கு மட்டும் எழுகின்றது. குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்று அவர் எந்த ஆசிரியரிடமும் தொலைபேசியிற் கேட்டதில்லை.

அடுத்த கடன்காரர் கடல் கடந்து வருகின்றார். 2011 டிசம்பர் முதற் கனடா ‘சுப்பர் விசா’ என ஒன்றை வழங்குகின்றது. அங்கு நிரந்தரமாகக் குடியேறியோரின் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நெடுங்காலம் தங்கிப் போகலாம்; 2022 முதல் ஒருமுறை சென்றால் ஐந்து ஆண்டு வரை. 1,00,000 டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் பெற்றிருத்தல் வேண்டும். குடும்பங்கள் ஒன்றுசேர்வதற்கென வந்த இவ்வசதி, நடைமுறையிற் பல வீடுகளுக்கு இலவசச் செவிலியைப் பெற்றுக் கொடுத்திருக்கின்றது. நம் மாணவியும் தாயை அழைக்க எண்ணியிருக்கின்றாள். பேரப்பிள்ளையின் மழலை கேட்பதில் அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சி இருக்கும் என்பதில் ஐயமில்லை. அம்மகிழ்ச்சியைக் கூலியாகக் கணக்கிடுவதில்தான் நமக்கு ஐயம். அவர் போனபின் பாரிசவாதத்தாற் படுத்திருக்கும் கணவரை யார் பார்ப்பார்? அதற்கும் வழி சொன்னார்கள்: வன்னியிலிருந்து ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாம். போரில் கணவனை இழந்தவள். அவளுக்கும் இரண்டு சிறு பிள்ளைகள் உண்டு. அவற்றை அவளது தமக்கை பார்த்துக்கொள்வாள்.

இச்சங்கிலியைச் சற்று நிறுத்தி நோக்குங்கள். ஒன்ராறியோவில் ஒரு மூதாட்டியின் மகள் வேலைக்குப் போவதால் மூதாட்டி இல்லத்திற் சேர்க்கப்படுகின்றார். அவரைப் பார்க்க நம் மாணவி தன் குழந்தையை விடுகின்றாள். அக்குழந்தையைப் பார்க்க அவள் தாய் தன் கணவரை விடுகின்றார். அக்கணவரைப் பார்க்க வன்னிப் பெண் தன் பிள்ளைகளை விடுகின்றாள். ஒவ்வொரு கண்ணியிலும் கூலி குறைந்துகொண்டே வந்து கடைசிக் கண்ணியில் ஒன்றுமில்லாமற் போகின்றது. அந்தத் தமக்கைக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. சங்கிலி முழுவதிலும் ஓர் ஆணின் கை தென்படவில்லை என்பதையும் வாசகர் கவனித்திருப்பர்.

அன்புக்கு அளவில்லை என்று கூறிக் கொண்டிருந்த உலகம் இப்போது பராமரிப்பை மணிக்கணக்கில் அளக்கத் தொடங்கியிருக்கின்றது. 2021இல் ஒன்ராறியோ இயற்றிய முதியோர் இல்லச் சட்டம், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச் இறுதிக்குள் அடைய வேண்டும் என வகுத்தது. இதனை நாம் வரவேற்கின்றோம். அளக்கப்படாத உழைப்பு எளிதிற் களவு போகும். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை அரசு எங்கிருந்து பெறுகின்றது? வானத்திலிருந்து அன்று. இல்லத்திற்கு நான்கு மணி என எழுதிய சட்டம், அந்த நான்கு மணியைக் கொடுக்கும் பெண்ணின் குழந்தைக்கு எத்தனை மணி எனவும் எழுதியிருத்தல் நியாயம். ஆறு மணிக்குத் திறக்கும் பராமரிப்பு நிலையம் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியின் வளவிலும் இருத்தல் வேண்டும். செய்முறைப் பயிற்சிக் காலத்துக்குப் படி கொடுத்தல் வேண்டும். வேலைமுறை அட்டவணை சில கிழமைகளுக்கு முன்னரே கையிற் கிடைத்தல் வேண்டும். புரட்சி செய்து பெற வேண்டியவை அல்ல இவை. ஆஸ்பத்திரிக்கு வாகனத் தரிப்பிடம் கட்டுவோர் மனம் வைத்தாற் கட்டக்கூடியவை.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்போருக்கு ஒன்ராறியோவின் அயலிலேயே விடையுண்டு, முழு விடையன்று. கியூபெக் மாகாணம் 1997இல் நாளொன்றுக்கு 5 டொலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கியது. 2006 முதல் தகப்பனுக்கு மட்டுமே உரிய, தாய்க்கு மாற்றிக் கொடுக்க இயலாத ஐந்து கிழமை விடுமுறையையும் ஏற்படுத்தியது. சிறு குழந்தைகளை உடைய தாய்மார் வேலைக்குச் செல்லும் வீதம் அங்கே வெகுவாக உயர்ந்தது. தகப்பன்மாரிற் பெரும்பாலானோர் விடுமுறை எடுக்கலாயினர். ஆயினும் அதே கியூபெக்கில் வேலைமுறை முடிந்த தாதியை மாற்றாள் வரவில்லை எனக் கூறி மேலும் எட்டு மணி நேரம் மறித்து வைக்கும் கட்டாய மேலதிக வேலை பெருவழக்காயிற்று. மறுத்தால் நோயாளியைக் கைவிட்டவள் என்ற பழி. ஒப்பினால் நிலையத்தின் வாசலிற் குழந்தை தனித்து நிற்கும். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் திகதி அங்குள்ள தாதியர் சங்கம் கட்டாய மேலதிக வேலை இல்லாத ஒரு நாளை அறிவித்தது. பிறக்ரிகல் நேர்ஸ்மாருக்கு ஒப்பானவர்களும் அச்சங்கத்தில் உள்ளனர். அந்த ஒரு நாளில், அவர்கள் கேட்டதெல்லாம் அட்டவணையில் எழுதிய நேரத்துக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே.